வில்லங்கச் சான்று

பாலக்கோடு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே
ஜெராக்ஸ் கடைக்கும் பேக்கரிக்கும் இடையே என் மேசை.
இருபத்திரண்டு வருடமாய்ப் பிறர் நிலத்தை எழுதுகிறேன்.
இந்த ஓடைக்குத் தெற்கு, அந்தப் பாதைக்கு மேற்கு,
இதற்குள் அடங்கிய புஞ்சை, மாமரம் நான்கு, கிணற்றில் பாதி.

அவர் தக்காளி மண்டியில் ஏலம் கூறுகிறவர்.
பதிவேட்டில் காவேரியப்பன்.
விடிகாலை நாலரைக்கு அவர் குரல்
ரயில்வே கேட் தாண்டி எங்கள் அடுப்பு வரை வரும்.
மார்கழியில் ஒருநாள்
முந்நூத்திப் பத்து, முந்நூத்தி இருவது என்று ஏறியவர்
அடுத்த எண் கிடைக்காமல் நின்றார்.
பெட்டியைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார்.
"முந்நூத்தி மழை" என்றார்.
மண்டி முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார்.

இடது பொட்டுக்குள் எலுமிச்சை அளவு.
பெங்களூரில் எடுத்தார்கள்.
அறிக்கைக்குப் பதினாறு நாள் காத்திருந்தோம்.

"எழுத்து மாறலைம்மா" என்றார் டாக்டர் ஷைலஜா,
கன்னடம் தோய்ந்த தமிழில்.
"ஜீன்ல எழுதினது அப்படியே இருக்கு.
அதன் வாசல்ல சின்னச் சின்னதா மூடி விழுந்திருக்கு.
படிக்க முடியாது. அவ்வளவுதான்."

வில்லங்கமா, என்று கேட்டேன்.
அவருக்கு அந்தச் சொல் தெரியவில்லை. சொன்னேன்:
பத்திரத்தில் பழுதிருக்காது.
முத்திரை சரி, சாட்சி சரி, பெருவிரல் ரேகை சரி.
எங்கோ ஒரு கோர்ட்டு அதன் மேல் ஒரு ஜப்தி ஏற்றியிருக்கும்.
ஓர் எழுத்தும் அழியாமல் நிலம் ஊமையாகிவிடும்.
பேனாவைக் கீழே வைத்துவிட்டு
"அதேதான்" என்றார்.

நில், பிரியாதே என்று சொல்லும் ஜீன்கள் சில
அப்படி ஊமையாகித்தான்
இந்த எலுமிச்சை காய்த்தது.
இன்னொன்றும் ஊமை:
மருந்து உடைப்பதை ஒட்டவைக்கும் ஜீன்.
கட்டிக்கு வேலை செய்யும் கொத்தனார் வீட்டுக்கு சீல்.
"இது நமக்கு நல்லது" என்றார்.
வில்லங்கம் நல்லது என்று
என்னிடம் யாரும் சொன்னதில்லை.
ஓசூர் வரும்வரை ரயிலில்
அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன்.

அந்த மூடி என்னவென்றும் கேட்டிருந்தேன்.
ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன்.
இரவு வெறும் வயிற்றில் அவர் விழுங்கிய மாத்திரையும்
உள்ளே போய் ஒட்டவைப்பது அதையே தானாம்.
ஒட்டுகிற இடம்தான் வேறு.
ஒரே ஸ்டாம்பு பேப்பரில் விற்கவும் எழுதுகிறேன்,
மீட்கவும் எழுதுகிறேன். ஆச்சரியப்படவில்லை.

ஆடியில் எண்கள் திரும்பின.
வாந்தி இல்லாத ஒரு சாயங்காலம்
காலி மாத்திரை டப்பாவைத் தூக்கிப் பிடித்து
"ராயக்கோட்டை சரக்கு, நாட்டுத் தக்காளி,
ஒருதரம்,
ரெண்டுதரம்..."
என்று என் முகத்தைப் பார்த்தார்.
நான் கேட்டேன், ஐந்நூறு.
மூணாவதைச் சொல்லவில்லை.
விலை போதாது என்று தலையாட்டினார்.

தையில் மறுபடி திறந்தார்கள்.
இரண்டாம் அறிக்கை ஒரு பக்கம்தான்.
மூடிகள் இல்லை. வாசல் திறந்திருக்கிறது.
கொத்தனார் வேலைக்கு வந்துவிட்டார்.
யார் விடுவித்தார்கள், எந்த நாளில், எந்த மனுவின் பேரில்,
பதிவு ஏதும் இல்லை.
இப்போதும் ஓர் எழுத்து மாறவில்லை என்றார் டாக்டர்,
இம்முறை என் கண்ணைப் பார்க்காமல்.

இன்று மாரண்டஹள்ளிப் பார்ட்டி ஒருவர்
கிரயத்துக்கு வந்திருக்கிறார்.
முப்பது வருடத் தேடல் போட்டாயிற்று.
"அம்மா, வில்லங்கம் ஒண்ணும் இல்லைங்களே?"
தாளைத் திருப்பிப் பார்க்கிறேன்.
இல்லைங்க, என்கிறேன். சுத்தமா இருக்கு.
சந்தோஷத்தில் அவர் பேக்கரிக்குப் போய்த்
தேங்காய் பன் வாங்கி வந்து
பிய்த்துப் பாதியை நீட்டுகிறார்.

வாங்கிக்கொள்கிறேன்.
வீட்டில் அவர் விழித்திருக்கும் நேரம்.